ரிசல்ட் பட்டன மறுபடி அமுக்குனா மறு எண்ணிக்கை ஆயிடுமா? ஒரு ஓட்டு மெஷின் ரிவ்யூ

ஸ்டார் எத்தனைன்னு முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு ரெண்டு. அதுல ஒண்ணு பேட்டரி நாள் பூரா நின்னதுக்கு, இன்னொண்ணு வயசானவங்களுக்கும் புரியுற மாதிரி பட்டன பெருசா வச்சதுக்கு. மீதி மூணு ஏன் இல்லைங்கிறதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமை இருக்கிறவங்க படிங்க.

கம்பெனி பேர் போடல. மெஷின் எடுத்துட்டு வந்த பையன் நல்ல பையன், என்னால அவனுக்கு வேலை போகக்கூடாது. அப்புறம் இது அந்த ஒரு கம்பெனியோட பிரச்சனை மட்டும் இல்லன்னு தேடித்தேடி படிச்சப்புறம் புரிஞ்சுபோச்சு.

விஷயம் இதான். எங்க ஊழியர் சங்கத்துக்கு நிர்வாகிகள் தேர்தல். வழக்கமா சீட்டுல குத்தி பெட்டில போட்டு, ராத்திரி வரைக்கும் எண்ணி, செல்லாத ஓட்டுக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவோம், இந்த தடவ மெஷின் வாடகைக்கு எடுத்துடலாம்னு முடிவு பண்ணாங்க. நான் எலக்ட்ரானிக்ஸ் டெஸ்டிங்ல வேலை பாக்குறவன், அதனால "தம்பி உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்"னு என் தலையில கட்டிட்டாங்க. ஒரு டேப்லெட், ஒரு ஸ்டாண்டு, சுத்தி அட்டை மறைப்பு. பேர தொட்டா பீப்னு ஒரு சத்தம், நன்றின்னு ஸ்க்ரீன்ல வரும், அவ்ளோதான். சாயங்காலம் அஞ்சு நிமிஷத்துல ரிசல்ட். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன்.

செயலாளர் பதவிக்கு மூணு ஓட்டு வித்தியாசம். தோத்த அண்ணன் என்கிட்ட வந்து, "தம்பி, உன்ன சந்தேகப்படல. எனக்குப் போட்ட ஓட்டு எனக்குத்தான் விழுந்துச்சுன்னு எனக்குக் காட்டு, போதும்"னாரு. நான் மெஷின் பையன பாத்தேன். அவன் ரிசல்ட் பட்டன மறுபடி அமுக்குனான். அதே நம்பர். "பாத்தீங்களா சார், கரெக்டா இருக்கு"ன்னான். அண்ணன் சிரிச்சுட்டே, "இத நீ நூறு தடவ அமுக்குனாலும் அதத்தானப்பா சொல்லும்"னாரு. எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. பதினஞ்சு வருஷமா டெஸ்டிங் பண்றவன், எனக்கு இது முன்னாடியே தோணியிருக்க வேணாமா? ஒவ்வொரு ஓட்டும் எப்படி பதிவாச்சுன்னு காட்டுற லாக் ஃபைல் உள்ள இருக்கா, எடுத்துக் காட்டுன்னேன், "அது கம்பெனி ரகசியம் சார்". டேப்லெட்ட திருப்பிப் பாத்தா அட்மின் பாஸ்வேர்டு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி செலோடேப் போட்டு ஒட்டியிருக்கு. அது மட்டும் ரகசியம் இல்ல போல.

அன்னைக்குத்தான் இந்த மெஷின எப்படி ரிவ்யூ பண்ணனும்னே புரிஞ்சுது. வேகம், பேட்டரி, ஸ்க்ரீன் எல்லாம் அப்புறம். ஜெயிச்சவனுக்கு எந்த மெஷினும் நல்ல மெஷின்தான், தோத்தவன் கையில என்ன ஆதாரம் கொடுக்குது, அத மட்டும் பாருங்க. நாடு நாடா பயன்படுத்துற பெரிய மெஷின்களையும் இதே கேள்விய வச்சுதான் பாத்தேன்.

பேப்பரே இல்லாத மாடல்ல ஆரம்பிப்போம், நாங்க வாடகைக்கு எடுத்ததும் இந்த சாதிதான். இதுல பெரிய பேரு நெதர்லாந்தோட நெடாப் மெஷின். "இது கம்ப்யூட்டரே இல்ல, ஓட்டு வாங்க மட்டும் செஞ்சது, இதுல செஸ்ஸா ஆட முடியும்"ங்கிற மாதிரி தயாரிப்பு தரப்பு பேசப்போக, 2006ல ராப் கோங்ரைப்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளிகளும் ஒரு மெஷின வாங்கிப் பிரிச்சு அதுலயே செஸ் ஆட வச்சுக் காட்டிட்டாங்க. செஸ் ஆட முடியும்னா ஓட்டயும் மாத்திப் போட முடியும்னு தனியா சொல்லணுமா என்ன. மெயின்டனன்ஸ் பாஸ்வேர்டு என்ன தெரியுமா, டச்சு பாஷைல "ரகசியம்"ங்கிற வார்த்தையேதான்! இதவிட எனக்குப் பிடிச்ச கூத்து ஒண்ணு இருக்கு. ஒரு கட்சியோட பேர்ல ஒரு எழுத்துக்கு மேல சின்ன கோடு வரும், அந்த எழுத்து ஸ்க்ரீன்ல வந்தா டிஸ்ப்ளே வேற விதமா ரெஃப்ரெஷ் ஆகும், அப்போ வெளிய கசியுற ரேடியோ அலை மாறும், கொஞ்சம் தள்ளி ரிசீவர் வச்சு உக்காந்திருந்தாலே இந்த ஆளு அந்தக் கட்சிக்குத்தான் போட்டான்னு கண்டுபிடிச்சிடலாம். ஓட்டத் திருடவே வேணாம், யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சாலே மிரட்டுறதுக்குப் போதுமே. 2008க்குள்ள அந்த நாடு திரும்ப பேப்பரும் பென்சிலும்னு போயிடுச்சு.

அயர்லாந்து கதை இதவிட பாவம். அதே நெடாப் மெஷின் 7,500 கிட்ட வாங்கிப் போட்டாங்க, செலவு 5 கோடி யூரோவுக்கு மேல. 2002ல சில தொகுதில வெள்ளோட்டம் விட்டதோட சரி, நம்பிக்கை வராம கொடவுன்லயே கெடந்து, 2012ல மொத்தமா பழைய இரும்பு விலைக்குப் போச்சு, சுமார் 70,000 யூரோவுக்கு. ரிவ்யூ படிக்காம வாங்குனா இப்படித்தான்.

அமெரிக்கால 2006ல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க டீபோல்டு அக்யுவோட் மெஷின ஆராய்ச்சி பண்ணுனாங்க. மெமரி கார்டு இருக்கிற கதவுக்கு ஒரு பூட்டு, அந்த சாவி ஹோட்டல் ரூம் மினிபார் சாவி மாதிரி எங்கயும் கிடைக்கிற ரகம். ஒரு நிமிஷம் தனியா விட்டா கார்டு வழியா வைரஸ் ஏத்திடலாம், அது அடுத்தடுத்த மெஷினுக்குத் தானா பரவும்னு செஞ்சே காட்டுனாங்க. வர்ஜீனியா மாகாணத்துல வின்வோட்னு ஒண்ணு இருந்துச்சு, அதோட வைஃபை பாஸ்வேர்டு "ஏபிசிடிஇ", 2015ல அதிகாரிகளே ஆடிட் பண்ணிப் பாத்துட்டு தலையில கைய வச்சுக்கிட்டு தடை பண்ணுனாங்க. ஓட்டு மெஷினுக்கு வைஃபை எதுக்குங்க? எங்க துண்டு பேப்பர் பாஸ்வேர்டு எவ்ளவோ தேவல.

இதெல்லாம் யாரோ திட்டம் போட்டு பண்ணுனா நடக்கக்கூடியது. யாரும் எதுவும் பண்ணாமயே தப்பு வரும், என் வேலைல அதத்தான் நான் தினம் பாக்குறேன். 2003ல பெல்ஜியத்துல ஸ்கார்பேக்னு ஒரு இடம், ஒரு வேட்பாளருக்கு வாங்கவே முடியாத அளவுக்கு ஓட்டு காட்டுச்சு. எண்ணிப் பாத்தா சரியா 4,096 ஓட்டு ஜாஸ்தி. 2ஐ 12 தடவ பெருக்குனா வர்ற நம்பர், அதாவது மெமரில பூஜ்யமோ ஒண்ணோ மட்டும் வைக்கிற சின்ன இடம் (பிட்டுன்னு சொல்வாங்க) ஒண்ணே ஒண்ணு பூஜ்யத்துல இருந்து ஒண்ணா மாறியிருக்கு. மென்பொருள்ல எதுவும் அகப்படல, விண்வெளில இருந்து வர்ற கதிர் பட்டிருக்கலாம்னு முடிவு பண்ணுனாங்க. கணக்குக்கு ஒத்துவராத நம்பரா இருந்ததால மாட்டுச்சு. அதே கோளாறு சின்ன மதிப்புள்ள பிட்டுல நடந்து 64 ஓட்டு மட்டும் ஏறியிருந்தா யாரு கண்டுபிடிச்சிருப்பா?

அப்புறம் ஃபுளோரிடா, 2006. சாரசோட்டா பக்கம் ஒரு எம்பி தேர்தல், வித்தியாசம் 369 ஓட்டு. ஆனா அந்த ஒரு கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) மட்டும் 18,000 பேர் கிட்ட மெஷின்ல வந்து நின்னு மத்த பதவிக்கெல்லாம் போட்டுட்டு இந்தப் பதவிக்கு மட்டும் யாருக்குமே போடலன்னு மெஷின் சொல்லுச்சு. ஸ்க்ரீன் டிசைன் குழப்பமா, கோளாறான்னு கேள்வி. தோத்தவங்க கோர்ட்டுக்குப் போய் உள்ள இருக்கிற சாஃப்ட்வேர் கோட காட்டச் சொன்னாங்க, தயாரிப்பாளரோட வியாபார ரகசியம்னு அந்தக் கோரிக்கை தள்ளுபடி. எங்க மெஷின் பையன் சொன்ன அதே வசனம்! எண்ணிப் பாக்க பேப்பரும் இல்ல. ஆக பேப்பர் இல்லாத ரகத்துக்கு ரெண்டு ஸ்டாருக்கு மேல என்னால கொடுக்க முடியாது, எந்த நாட்டு மெஷினா இருந்தாலும்.

இப்ப இந்திய மெஷின். இதப் பத்திப் பேசுனாலே ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு அடிச்சுக்குவாங்க, அதனால பொறுமையா சொல்றேன். பாரத் எலக்ட்ரானிக்ஸும் (பெல்) இசிஐஎல்லும் செய்யுறாங்க, ரெண்டும் அரசு கம்பெனி. வைஃபை, ப்ளூடூத், நெட் எதுவும் கிடையாது, பேட்டரில ஓடுது. ஓட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டுங்க முன்னாடியே குறைஞ்சது 50 ஓட்டு மாதிரி வாக்குப்பதிவு பண்ணிக் காட்டி, அழிச்சு, சீல் வச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். பூத்துக்குள்ள புகுந்து கட்டுக்கட்டா குத்திட்டுப் போற வேலைய இது ரொம்பவே கஷ்டமாக்கிடுச்சு, ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவுல அதிகாரி கன்ட்ரோல் யூனிட்ல பட்டன அமுக்குனாத்தான் மெஷின் தொறக்கும். செல்லாத ஓட்டுன்னு ஒண்ணே இல்லாம போச்சு, அது பெரிய நிம்மதி (எங்க சங்கத்து ஆளுங்கள கேட்டா தெரியும்).

ஆனா தோத்தவருக்கு என்ன கிடைச்சுதுன்னு பாருங்க. 1982ல கேரளா பரவூர்ல 50 பூத்துல முதல் தடவ மெஷின் வச்சாங்க. சிவன் பிள்ளை 123 ஓட்டுல ஜெயிச்சாரு, தோத்த ஏ.சி. ஜோஸ் விடாம சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, மெஷின்ல ஓட்டு வாங்க அப்போ சட்டத்துல இடமே இல்லன்னு 1984ல தீர்ப்பாச்சு, அந்த 50 பூத்துலயும் பேப்பர்ல மறு ஓட்டு, ஜோஸ் ஜெயிச்சாரு. எங்க சங்கத்துலயும் கிட்டத்தட்ட இதான் நடந்துச்சு, ரெண்டு வாரம் இழுத்தடிச்சு அந்த ஒரு பதவிக்கு மட்டும் திரும்ப சீட்டுல ஓட்டு போட்டோம். அண்ணன் மறுபடியும் தோத்தாரு. ஆனா சீட்ட எண்ணுன டேபிள்ல அவரே உக்காந்து எண்ணுனாரு, எண்ணி முடிச்சுட்டு ஜெயிச்சவரு கைய குலுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

சட்டத்துல இடம் கொடுத்து, 2004 லோக்சபா தேர்தல் முழுக்க மெஷின்லயே நடந்துச்சு, பேப்பர் எதுவும் இல்லாம. 2010ல ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்து கதைல வந்த அதே கோங்ரைப், இந்த ஆராய்ச்சியாளருங்கல்லாம் சேர்ந்து ஒரு இந்திய மெஷின வச்சு ரெண்டு வேலை காட்டுனாங்க. ரிசல்ட் காட்டுற டிஸ்ப்ளே போர்ட எடுத்துட்டு அதே மாதிரி பொய் போர்டு ஒண்ணு மாட்டுறது, மெமரி சிப்பு மேல ஒரு சின்ன கிளிப்ப மாட்டி ஓட்ட மாத்துறது. ஹரி பிரசாத்த அந்த மெஷின் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டு கைது பண்ணுனாங்க. என் தொழில் புத்திக்கு அது சரியாப் படல, ஓட்டைய காட்டுனவன பிடிச்சா அடுத்தவன் காட்டாம வச்சுக்குவான், அவ்ளோதான். ஆனா ஒண்ணு, இந்த ரெண்டு வேலைக்கும் மெஷின கையில எடுத்துத் தொறக்கணும். தூரத்துல இருந்து செல்போன்ல மாத்துறாங்கன்னு வாட்ஸ்அப்ல வர்றது வேற, இது வேற.

2013லதான் விவிபேட் வந்துச்சு, அத கட்டம் கட்டமா கொண்டுவரணும்னு அதே வருஷம் சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, 2019 லோக்சபா தேர்தல்ல எல்லா பூத்துலயும் வச்சாங்க. பட்டன அமுக்குனதும் கண்ணாடி ஜன்னலுக்குள்ள சின்ன லைட் எரியும், ஒரு சீட்டு இறங்கி வந்து நிக்கும், நம்பர், பேர், சின்னம், ஏழு செகண்டு. அப்புறம் கட் ஆகி உள்ள விழும். கேக்க கம்மி மாதிரி தெரியும், மனசுல ஒண்ணு ரெண்டுன்னு ஏழு வரைக்கும் எண்ணிப் பாருங்க, ஒரு சின்னத்தப் பாக்க அது தாராளம். பாக்கணும்னு நினைச்சாத்தான். அமெரிக்கால மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ணி 2020ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு, மாதிரி தேர்தல் வச்சு வேணும்னே தப்பா பிரிண்ட் ஆகுற மெஷின் வச்சாங்க, சும்மா விட்டப்போ பேப்பரப் பாத்தவங்களே பாதிக்கும் கீழ, தப்புன்னு அதிகாரிகிட்ட சொன்னவங்க 100க்கு 7 பேர் கூட இல்ல. இந்தியால சீட்டு மாறி விழுந்துச்சுன்னு சொன்னா முதல்ல எழுதிக் கொடுக்கணும், பொய்யா இருந்தா நடவடிக்கைன்னு எச்சரிப்பாங்க, அப்புறம் எல்லார் முன்னாடியும் ஒரு டெஸ்ட் ஓட்டு. அது சரியா விழுந்துட்டா மாட்டுறது புகார் சொன்னவர்தான். நானா இருந்தா வாயத் தொறக்க ரெண்டு தடவ யோசிப்பேன்.

அடுத்தது, விழுந்த சீட்ட யாரு எண்ணுறா? ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு குலுக்கல் போட்டு அஞ்சு விவிபேட். தொகுதிக்கு சராசரியா 250 பூத்துன்னு வச்சுக்குங்க, அதுல 10 பூத்துல மட்டும் கோளாறுன்னா இந்த அஞ்சுல ஒண்ணாவது மாட்டுற வாய்ப்பு 100க்கு 19தான், நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. அதே கோளாற பத்து தொகுதில பண்ணுனா எங்கயாவது மாட்டுற வாய்ப்பு 87 ஆயிடும். அதாவது நாடு பூரா ஒருத்தன் ஏமாத்தணும்னா இந்த சின்ன சோதனையே அவன பிடிச்சிடும், ஆனா ஒரே ஒரு தொகுதில நூலிழைல தோத்தவருக்கு இது பதில் சொல்லாது. எனக்கு இது ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா படுது, ஆனா விவாதத்துல ஒவ்வொரு கோஷ்டியும் ஒண்ண மட்டும் பிடிச்சுக்குது. எல்லா சீட்டையும் எண்ணணும்ங்கிற கோரிக்கைய 2024 ஏப்ரல் 26ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. ஆனா சின்னம் ஏத்துற யூனிட்ட ரிசல்ட்டுக்கு அப்புறம் 45 நாள் சீல் வச்சு வைக்கணும், ரெண்டாவது மூணாவது வந்தவங்க கேட்டா 5 சதவீத மெஷினோட சிப்ப சரிபாக்கணும்னு சொல்லுச்சு. தோத்தவர் கையில முதல் தடவையா ஏதோ ஒண்ணு கொடுத்திருக்காங்க, அதுக்கு நான் மார்க் போடுவேன். மொத்தத்துல மூணு ஸ்டார், வித்தியாசம் குறையக் குறைய எண்ணுற சீட்டு ஜாஸ்தி ஆகணும்னு விதி வந்தா நாலு. அமெரிக்காவோட கொலராடோல 2017ல இருந்து மாகாணம் முழுக்க இந்தக் கணக்குலதான் பேப்பர எடுத்துப் பாக்குறாங்க, ஒண்ணும் நிலாவுக்கு ராக்கெட் விடுற வேலை இல்ல.

பேப்பர் இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு பென்சில்வேனியா நார்த்தாம்ப்டன் கவுண்டி, 2019. மொத்தமா அம்பதாயிரத்துக்கு மேல ஓட்டு விழுந்த இடத்துல, நீதிபதி பதவிக்கு நின்ன ஒருத்தருக்கு வெறும் 164 ஓட்டுன்னு புது மெஷின் காட்டுச்சு. யாரும் நம்பல, அன்னைக்கு ராத்திரியே பேப்பர எடுத்து எண்ணுனாங்க, பாத்தா அவர்தான் ஜெயிச்சிருக்காரு. மெஷின் மோசம், ஆனா தேர்தல் தப்பிச்சுது. ரிவெஸ்ட், வாக்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க 2006லயே இதத்தான் எழுதினாங்க, சாஃப்ட்வேர்ல நமக்குத் தெரியாம ஒரு தப்பு நடந்தாலும் ரிசல்ட்ல அது கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒளிஞ்சுக்கக் கூடாது. ஜெர்மனி கோர்ட் 2009 மார்ச்ல இன்னும் எளிமையா சொல்லிடுச்சு, தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரண ஆளும் ஓட்டு எண்ணுறத சரிபாக்க முடியணும், முடியாதுன்னா அந்த மெஷின் செல்லாது. எங்க அண்ணன் கேட்டது வார்த்தைக்கு வார்த்தை அதான், அவருக்கு ஜெர்மனி எங்க இருக்குன்னு கூட அக்கறை இல்ல.

வெனிசுவேலாவையும் சொல்லணும். 2024 ஜூலைல அங்க ஒவ்வொரு மெஷினும் கடைசில ரிசல்ட் தாள பிரிண்ட் பண்ணிச்சு, எதிர்க்கட்சி ஏஜென்ட்டுங்க 80 சதவீதத்துக்கு மேல தாள சேத்து நெட்ல போட்டுட்டாங்க, தேர்தல் கமிஷன் பூத்து வாரியா கணக்கே வெளியிடல. மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சும் ஆதாரம் கையில இருந்தும் தோத்துட்டாருன்னு கமிஷன் அறிவிச்ச எதிர்க்கட்சி வேட்பாளரு ஜெயிச்சதா ஆகல. இதுக்கு மெஷினுக்கு ஸ்டார் குறைக்க முடியாது.

ஆதாரமே இல்லாம மெஷின திட்டுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 அமெரிக்க அதிபர் தேர்தல்ல டொமினியன் கம்பெனி மெஷின் ஓட்டத் திருடுச்சுன்னு டிவில பேச விட்டதுக்கு ஃபாக்ஸ் நியூஸ் 2023ல 78.75 கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. அங்க ஜார்ஜியா மாகாணத்துல பேப்பர் மொத்தத்தையும் கையால எண்ணிப் பாத்தாங்க, ஜெயிச்சவரு மாறல. அதனால "ஹேக் பண்ணிட்டாங்க"ன்னு கீழ கமென்ட் போடுறவங்க எதுல, எந்த சீட்டுல, எத்தன ஓட்டுன்னு சேத்துப் போடுங்க.

சரி, எங்க மெஷினுக்கு வருவோம். ரெண்டு ஸ்டார் போட்டதப் பாத்துட்டு கம்பெனில இருந்து நேத்து போன் பண்ணுனாங்க. ரொம்ப மரியாதையா, "சார், புது மாடல்ல பிரிண்டர் வச்சிருக்கோம், ஒவ்வொரு ஓட்டுக்கும் சீட்டு வரும், கொஞ்சம் ரிவ்யூவ மாத்துங்க"ன்னாங்க. நல்ல விஷயம்னு சந்தோஷமா, சீட்டெல்லாம் பெட்டில விழுமா, கடைசில நாங்க தொறந்து எண்ணிக்கலாமான்னு கேட்டேன்.

"எதுக்கு சார் எண்ணணும்? அதான் மெஷின்லயே வந்துடுமே"ன்னாங்க.

ரெண்டு ஸ்டார் அப்படியே இருக்கட்டும்.